ஸ்கூட்டர் கடனும் அதன் முக்கியத் தகவல் அறிக்கையும்: ஒரு மதிப்புரை

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் என் தங்கை மகளுக்கு 2025 ஆயுத பூஜைக்கு முன் ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிட வேண்டும் என்று வீட்டில் முடிவாயிற்று. இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் பேருந்துக்காக அவள் தனியே நிற்பது எங்கள் எல்லோருக்கும் நெடுநாள் கவலையாக இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்திருந்ததால், அவள் பார்த்து வைத்திருந்த வண்டியின் விலையில் ஏறத்தாழ 8,000 ரூபாய் இறங்கியிருந்தது. 27ஆம் தேதி சனிக்கிழமை நாங்கள் போனபோது ஷோரூமில் நிற்க இடமில்லை. வண்டியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த மதிப்புரை, அங்கே வண்டியோடு சேர்த்து எங்களுக்கு விற்க முற்பட்ட கடனைப் பற்றியது. அந்தக் கடனின் விலையை வாங்குபவர் கண்ணில் காட்டியாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கும் ஒரு தாளைப் பற்றியது.

கடனும் கடையில் விற்கும் பொருள்தான் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஹெல்மெட்டுக்கு நூறு ரூபாய் பேரம் பேசுகிறவர்கள்கூடக் கடன் மேசைக்கு வந்ததும் மனு கொடுக்க வந்தவர்போல ஆகிவிடுகிறார்கள். கடன் கிடைத்தால் போதும் என்ற எண்ணம் முன்னே நிற்கும்போது, என்ன விலைக்குக் கிடைக்கிறது என்ற கேள்வி பின்னே போய்விடுகிறது. நான் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் கற்பிக்கிறவன். ஆண்டுதோறும் கரும்பலகையில் வட்டிக் கணக்குப் போட்டுக் காட்டுகிற நானே, பத்தாண்டுகளுக்கு முன் என் சொந்த வண்டிக் கடனில் மாதத் தவணையை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டவன்தான். ஆகையால் இம்முறை எண்களை முழுமையாகப் பார்ப்பது என்று உறுதி செய்துகொண்டே போனேன்.

ஷோரூமின் உள்ளேயே, வண்டிகளுக்கும் பணம் கட்டும் இடத்துக்கும் நடுவில், ஒரு நிதி நிறுவனத்தின் மேசை இருந்தது. அங்கிருந்த இளைஞர் மரியாதையானவர்; வேலை தெரிந்தவர். ஆதார், பான், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை வாங்கிய 25 நிமிடத்தில், 90,000 ரூபாய்க் கடனுக்கு ஒப்புதல் வந்துவிட்டது என்றார். சாலைக்கு வரும் விலை 1,15,000 ரூபாய், கையில் இருந்து 25,000, மீதி கடன், 36 மாதம், மாதம் 3,250 ரூபாய். வட்டி எவ்வளவு என்று நான் கேட்டதற்கு, "வெறும் பத்து பெர்சன்ட்தான் சார், பிளாட்" என்றார். மருமகள் என் பக்கம் திரும்பி, "மாசம் மூவாயிரத்து இருநூத்தம்பதுதானே மாமா, கட்டிடுவேன்" என்றாள். அவளால் கட்ட முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கட்டிய பணத்தில் எவ்வளவு எதற்குப் போகும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பிளாட் வட்டி என்ற சொல்லில் சொல்லப்படாமல் விடப்படுவது ஒன்று உண்டு. 90,000 ரூபாய்க்குப் பத்து சதவீதம் என்றால் ஆண்டுக்கு 9,000, மூன்றாண்டுக்கு 27,000, ஆகமொத்தம் 1,17,000, அதை 36ஆல் வகுத்தால் 3,250. கணக்கில் பிழையில்லை. ஆனால் முதல் மாதத்தில் இருந்தே அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோம். கடைசி மாதத்தில் நம்மிடம் இருக்கும் அவர்களுடைய பணம் ஏறக்குறைய 3,200 ரூபாய்தான். அப்போதும் முழு 90,000 ரூபாய்க்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் வட்டி என்ற நேர்மையான முறையில் பார்த்தால் இதே கடனின் வட்டி 17.92 சதவீதம். பத்து என்று வாயால் சொல்வதும் பதினெட்டை ஒட்டி வாங்குவதும் ஒரே கடனைத்தான் குறிக்கின்றன.

இந்த இடத்தில்தான் அந்தத் தாள் வருகிறது. 2024 ஏப்ரல் 15 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி, 2024 அக்டோபர் 1 முதல் ஒப்புதல் தரப்படும் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும், சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும், கே.எஃப்.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் முக்கியத் தகவல் அறிக்கையை, ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்பே கடன் வாங்குபவருக்குக் கொடுத்தாக வேண்டும். வணிக வங்கிகள், கூட்டுறவு வங்கிகள், வங்கிசாரா நிதி நிறுவனங்கள், வீட்டுக்கடன் நிறுவனங்கள் எல்லாம் இதில் அடங்கும். கிரெடிட் கார்டு நிலுவைக்கு மட்டும் விலக்கு. அதற்கு முன்பும் நுண்கடனுக்கும் செயலிவழிக் கடனுக்கும் இப்படிப்பட்ட அறிக்கை இருந்தது. 2024இல்தான் அது வண்டிக் கடன், தனிநபர் கடன், வீட்டுக் கடன் என்று எல்லாவற்றுக்கும் ஒரே வடிவத்தில் வந்தது.

அந்த அறிக்கையைத் தாருங்கள் என்று கேட்டபோது மேசையில் சிறு தயக்கம் ஏற்பட்டது. "அது அக்ரிமென்ட்லயே வந்துரும் சார், ஆர்.பி.ஐ. ஃபார்மாலிட்டி. ஓ.டி.பி. வந்திருக்கும், மேடம் அதை மட்டும் சொல்லிட்டாப் போதும்" என்றார் அந்த இளைஞர். மருமகளின் கைப்பேசியில் ஆறு இலக்க எண் வந்து காத்திருந்தது. அதை அவள் சொல்லியிருந்தால் ஒப்பந்தத்துக்கு மின்கையொப்பம் ஆகியிருக்கும். நான் அவள் கையைத் தொட்டு நிறுத்தினேன். பின்னர் மின்னஞ்சலில் வந்த ஆவணத்தைத் திறந்தபோது அது 42 பக்கம், முழுக்க ஆங்கிலம். 31ஆம் பக்கத்தில் இருந்தது நாங்கள் கேட்ட அறிக்கை. அதன் அடியில் 'இதன் உள்ளடக்கம் எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டது, நான் புரிந்துகொண்டேன்' என்ற பொருளில் ஒரு வரி. அதற்கு எதிரே இருந்த கட்டத்தில் முன்கூட்டியே டிக் விழுந்திருந்தது.

இந்த ஒரு டிக்கைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அறிக்கை எழுதப்பட வேண்டும் என்றும், அதை அவருக்கு விளக்க வேண்டும் என்றும், விளங்கிக்கொண்டதாக அவரிடம் ஒப்புதல் பெற வேண்டும் என்றும் சுற்றறிக்கை வெளிப்படையாகச் சொல்கிறது. எழுதுவது, விளக்குவது, ஒப்புதல் பெறுவது என்ற மூன்று வேலைகளில் முதல் இரண்டைச் செய்யாமல் மூன்றாவதை மட்டும் இயந்திரம் செய்துவைத்திருந்தது. என் மருமகளுக்கு ஆங்கிலம் தெரியும். மருந்துச் சீட்டை ஆங்கிலத்தில் படித்துத்தான் அவள் வேலை செய்கிறாள். அவளுக்கே அந்த 31ஆம் பக்கம் சட்டென்று விளங்கவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர், பால் வியாபாரத்துக்கு மொபெட் எடுக்க வந்தவர், தம் ஓ.டி.பி.யை வாய்விட்டு உரக்கச் சொல்லிவிட்டு, சாவி எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே டிக் விழுந்திருக்கும். அவரை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

தாளை அச்செடுத்துத் தரும்படி கேட்டோம். சிறிது நேரத்தில் தந்தார்கள். அதைக் கையில் வைத்துப் படித்த அரைமணி நேரத்தில் கடனைப் பற்றி நாங்கள் தெரிந்துகொண்டது, முந்தைய ஒரு மணி நேரப் பேச்சில் தெரிந்துகொண்டதைவிடப் பல மடங்கு அதிகம். கடன் தொகை, காலம், தவணை ஆகியவை முதல் வரிகளில் இருந்தன. வட்டி வரிசையில் பத்து என்ற எண்ணே இல்லை, 17.92 சதவீதம், நிலையான வட்டி என்று தெளிவாக அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே கட்டணங்கள்: ஜி.எஸ்.டி. உட்படப் புராசஸிங் கட்டணம் 2,124. ஆவணக் கட்டணம் 885. கடன் பாதுகாப்புக் காப்பீடு 1,991. மொத்தம் 5,000 ரூபாய். இதைக் கடனிலேயே கழித்துக்கொள்வதால் ஷோரூமுக்கு உண்மையில் போய்ச் சேர்வது 85,000 ரூபாய்தான்; மீதி 5,000 ரூபாயை நாங்கள் கையில் இருந்து கூடுதலாகப் போட வேண்டும். இது வாய்ப்பேச்சில் வரவே இல்லை.

இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கித் தருவதுதான் ஏ.பி.ஆர். எனப்படும் ஆண்டுச் சதவீத வீதம். வட்டியை மட்டும் பார்க்காமல், நிறுவனம் வாங்கும் கட்டணங்களையும், காப்பீட்டைப் போல வேறொருவருக்காக நிறுவனம் வசூலித்துக் கொடுக்கும் தொகைகளையும் உள்ளடக்கி, கடன் ஆண்டுக்கு எவ்வளவு சதவீதம் ஆகிறது என்று அது சொல்கிறது. எங்கள் தாளில் அது 22.09 சதவீதம். பத்து என்று தொடங்கிய பேச்சு, தாளில் இருபத்திரண்டைத் தாண்டி நின்றது. சரிபார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி எளிது: எக்செல் தாளில் 'ரேட்' என்ற சூத்திரத்தைத் தேர்ந்து, தவணைகளின் எண்ணிக்கை 36, தவணை கழித்தல் 3250, கையில் வரும் தொகை 85000 என்று கொடுத்து, வரும் விடையை 12ஆல் பெருக்கினால் போதும். நான் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். தாளில் இருந்த எண்ணும் என் எண்ணும் ஒத்துப்போயின. நிறுவனம் கணக்கை மறைக்கவில்லை என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். அதை 31ஆம் பக்கத்தில் வைத்திருந்தது. அவ்வளவுதான், ஆனால் அதுவே போதுமான குறை.

அறிக்கையோடு சேர்த்துத் தவணை அட்டவணையும் தர வேண்டும் என்பது விதி, தந்தார்கள். என் மாணவர்களுக்குக் காட்ட அதன் நகல் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். முதல் மாதம் கட்டும் 3,250 ரூபாயில் வட்டி 1,344, அசல் 1,906. கடைசி மாதத்தில் வட்டி 48, அசல் 3,202. ஓராண்டு முழுக்க 39,000 ரூபாய் கட்டிய பிறகும் கடன் குறைந்திருப்பது ஏறத்தாழ 24,850 ரூபாய்தான்; நிலுவை 65,150 இருக்கும். பிளாட் கணக்கை நம்பியிருப்பவர், ஆண்டுக்கு 30,000 வீதம் அசல் குறைகிறது, இன்னும் 60,000தான் பாக்கி என்று எண்ணிக்கொண்டிருப்பார். நடுவில் கொஞ்சம் பணம் சேர்ந்து கடனை முடிக்கப் போகும்போதுதான் அந்த 5,000 ரூபாய் இடைவெளி அவருக்குத் தெரியவரும். அதற்கு மேல் முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் வேறு இருக்கிறது: எங்கள் தாளில் நிலுவை அசலில் 5 சதவீதம், அதாவது ஓராண்டு முடிவில் ஏறக்குறைய ஒரு முழுத் தவணை. மாறும் வட்டியில் தனிநபர்கள் தொழில் அல்லாத தேவைக்கு வாங்கும் கடன்களை முன்கூட்டி அடைக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூலையில் விதித்து, 2026 ஜனவரி 1 முதல் தரப்படும் கடன்களுக்கு நடைமுறைப்படுத்தியது. நிலையான வட்டியில் வரும் எங்களுடையதைப் போன்ற வண்டிக் கடனுக்கு அதனால் பயனில்லை.

அடுத்து ஒரு நெருடல். கட்டணங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "முதல் டியூவை இன்னைக்கே முன்பணத்தோட கட்டிடுங்க சார், அடுத்த மாசம் டென்ஷன் இல்ல" என்று கேட்டார்கள். கேட்பதற்கு உதவிபோலத்தான் இருக்கும். ஆனால் கடன் வாங்கிய அன்றே 3,250 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முழு 90,000 ரூபாய்க்கும் வட்டி கட்டுவது என்றால், அந்தப் பணம் நம்மிடம் ஒரு நாள்கூட இருக்கவில்லை. வட்டி மட்டும் இருக்கும். இப்படிச் செய்தால் எங்கள் கடனின் ஆண்டு வீதம் 22.09இல் இருந்து சுமார் 23.5 ஆகிவிடும். 2024 ஏப்ரல் 29 தேதியிட்ட மற்றொரு சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி இந்தப் பழக்கத்தைப் பெயர் சொல்லிக் கண்டித்திருக்கிறது: தவணையை முன்கூட்டி வாங்கிக்கொண்டு முழுக் கடனுக்கும் வட்டி போடுவது, பணம் கைக்கு வரும் முன்பே ஒப்பந்த நாளில் இருந்து வட்டி கணக்கிடுவது, மாத நடுவில் கொடுத்த கடனுக்கு முழு மாத வட்டி வாங்குவது ஆகியவை நியாயமான நடைமுறைக்கு ஒவ்வாதவை என்றும், அப்படி வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. நான் இதைச் சொன்னதும் அந்த இளைஞர் மறுபேச்சுப் பேசாமல் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டார். சொல்லாதவர்களிடம் அவர் அதை வாங்கியிருப்பார் என்பதே என் எண்ணம்; அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்குக் கற்றுத்தரப்பட்டது அதுதான்.

காப்பீடு கட்டாயமா என்று கேட்டோம். முதலில் "சிஸ்டம்ல தானா வந்துரும்" என்றார். மேலதிகாரியிடம் பேசிவிட்டு, வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம் என்றார். அதை எடுத்துவிட்டுப் புதிதாகக் கொடுத்த தாளில் ஆண்டு வீதம் 20.39 ஆகியிருந்தது. ஒரு கேள்விக்கு 1,991 ரூபாய். கடன் பாதுகாப்புக் காப்பீடே தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனை வழியாக அவளுக்கு ஏற்கெனவே குழுக் காப்பீடு இருந்தது. இன்னொன்று வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். அறிக்கையில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் கடன் வாங்குபவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கடன் காலத்தின் எந்தக் கட்டத்திலும் வசூலிக்கக் கூடாது என்ற விதி, இந்தச் சுற்றறிக்கையின் மிக வலிமையான வரி என்று நான் கருதுகிறேன். தாளைப் பத்திரமாக வைத்திருப்பவருக்குத்தான் அந்த வலிமை கைகொடுக்கும்.

தாளின் இரண்டாம் பகுதியைப் பெரும்பாலோர் புரட்டுவதே இல்லை. தவணை தவறினால் வசூல் முகவரை அனுப்புவது ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி, குறை தீர்க்கும் அதிகாரியின் தொலைபேசி எண் எது, இந்தக் கடனை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கக் கூடுமா என்பவை அங்கே இருக்கின்றன. எங்கள் தாளில் கடைசிக் கேள்விக்கு எதிரே 'ஆம்' என்றிருந்தது; நாளை வேறொரு பெயரில் இருந்து அழைப்பு வந்தால் திடுக்கிட வேண்டியதில்லை என்று மருமகளிடம் சொல்லி வைத்தேன். தாமதக் கட்டணம் தனி வரியாக இருந்தது. அபராதத்தை வட்டியாக ஏற்றி, அதற்கும் வட்டி போடும் பழைய வழக்கத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கையால் நிறுத்தியது. அதனால் இப்போது அது கட்டணமாக மட்டுமே வர வேண்டும், அதன் மேல் வட்டி ஏறக் கூடாது. வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ அழைக்கக் கூடாது என்பதும் விதி. எங்கள் தாளில் இருந்த குறை தீர்க்கும் எண்ணை அன்று மாலையே அழைத்துப் பார்த்தேன். முதல் நாள் இந்தியில் பேசும் அழைப்பு மையத்துக்குப் போயிற்று. மறுமுறை தமிழில் பேசும் ஒரு பெண் எடுத்தார். தமிழில் அறிக்கை வேண்டும் என்று கேட்டதைக் குறித்துக்கொண்டார். நான்காம் நாள் மின்னஞ்சலில் தமிழ் அறிக்கை வந்தது. மொழிபெயர்ப்பு நன்றாகவே இருந்தது. அது அவர்களிடம் முன்பே தயாராக இருந்திருக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம். அப்படிப்பட்ட எண்ணில் தீர்வு கிடைக்காமல் 30 நாள் கடந்தால், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் கட்டணமின்றிப் புகார் தரலாம். 14448 என்ற எண்ணில் வழிகாட்டுகிறார்கள்.

இந்த ஏ.பி.ஆர். என்ற எண்ணுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் பால் டக்ளஸ் என்ற செனட்டர், பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர், கடன் கொடுப்பவர்கள் விலையை ஒரே அளவுகோலில் சொல்ல வேண்டும் என்ற மசோதாவை 1960இல் கொண்டுவந்தார். அது சட்டமானது 1968இல். அதற்குள் அவர் தேர்தலில் தோற்றுப் பதவியில் இல்லை. வாகனம் முதலிய பொருள்களைக் குத்தகைக்கு எடுப்பவர்களுக்கு அந்தச் சட்டம் போதவில்லை என்பதால் 1976இல் தனியே ஒரு குத்தகைச் சட்டமும் வந்தது: கையெழுத்திடும்போது கட்ட வேண்டியது, மொத்தத் தவணை, முன்கூட்டி முறித்தால் ஆகும் செலவு, அளவுக்கு மீறி ஓட்டினால் கட்டணம், முடிவில் வண்டியை வாங்கிக்கொள்ள விலை ஆகியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நம் ஊரில் மின்சார ஸ்கூட்டரை மாத வாடகைக்கோ குத்தகைக்கோ தரும் திட்டங்கள் வருகின்றன. அவற்றை எடுப்பவர்கள் இந்த ஐந்தையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் வாடகை ஒப்பந்தத்தில் வட்டி வீதம் என்ற ஒரு வரியே இருக்காது.

ஷோரூம் கடனின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மருமகளின் சம்பளக் கணக்கு இருக்கும் பொதுத்துறை வங்கிக்குத் திங்கட்கிழமை போனோம். எங்களுக்கு அவகாசம் இருந்தது: ஏழு நாளோ அதற்கு மேலோ காலமுள்ள கடனுக்கு, அறிக்கை கொடுத்த பின் குறைந்தது மூன்று வேலை நாட்கள் அந்த விவரங்கள் செல்லுபடியாகும், அதற்குள் ஒப்புக்கொண்டால் நிறுவனம் அந்த விவரங்களுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். எங்கள் தாளில் அக்டோபர் 3 வரை என்று இருந்தது, நடுவில் இரண்டு நாள் விடுமுறை என்பதால். மேசையில் இருந்த இளைஞர் சொன்ன "இன்னைக்கு விட்டா இந்த ஆஃபர் போயிரும்" என்பது, அவர் நிறுவனமே அச்சிட்டுக் கொடுத்த தேதியோடு பொருந்தவில்லை.

வங்கி கொடுத்த தாளில் அதே 90,000 ரூபாய், அதே 36 மாதம், வட்டி 12 சதவீதம், மாதத் தவணை 2,989, புராசஸிங் கட்டணம் ஜி.எஸ்.டி. உட்பட 590, ஆண்டு வீதம் 12.46. இரண்டு தாளையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரே வடிவம், ஒரே வரிசை. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன்கூட எது மலிவு என்று விரல் வைத்துக் காட்டினான். மாதத்துக்கு 261 ரூபாய்தான் வித்தியாசம், இதற்காகவா அலைய வேண்டும் என்று என் தங்கை கேட்டாள். 36 மாதத்தில் அது 9,396, காப்பீட்டையும் சேர்த்து ஷோரூமில் முதலில் கொடுத்த தாளின்படி கட்டணங்களில் 4,410, ஆகமொத்தம் 13,806 ரூபாய். ஜி.எஸ்.டி. குறைந்ததில் கிடைத்த 8,000 ரூபாயை நாங்கள் கொண்டாடிக்கொண்டிருந்தோம். அதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் கடன் மேசையில் விட்டுவிட்டு வந்திருப்போம். தவணையை மட்டும் பேசுவது கடன் விற்பவர்களுக்கு ஏன் பிடித்திருக்கிறது என்பதற்கு அந்த 261 ரூபாயே விடை.

நிதி நிறுவனத்தின் கடனை யார் எடுக்கலாம் என்று கேட்டால், என் பதில் இது. சம்பளச் சீட்டு இல்லாதவர்கள், வங்கியில் போதிய வரவு செலவு காட்ட முடியாதவர்கள், வண்டி வந்தால்தான் வருமானம் என்ற நிலையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு 25 நிமிட ஒப்புதல் என்பது உண்மையான சேவை. அதற்கு ஒரு விலை உண்டு என்பதும் நியாயம்தான். கந்துவட்டிக்குப் போவதைவிட அது எவ்வளவோ மேல். அந்த விலை எவ்வளவு என்பதை ஓ.டி.பி. கேட்கும் முன்பு, தமிழில், தனித் தாளில் கொடுத்திருந்தால் நான் அந்நிறுவனத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். வேகத்துக்கும், கணக்கின் துல்லியத்துக்கும், கேட்டதும் திருத்திக் கொடுத்ததற்கும் ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். முன்கூட்டியே விழுந்திருந்த அந்த டிக்கை நினைத்து அதில் ஒன்றைக் குறைக்கிறேன்.

வங்கிக் கடன் ஒப்புதலாக ஆறு வேலை நாள் ஆயிற்று. ஆயுத பூஜைக்கு வண்டி வரவில்லை. மருமகளுக்குச் சற்று மனக்குறைதான். வங்கியிலும் தமிழ் அறிக்கை கைவசம் இல்லை. ஆனால் அங்கிருந்த கடன் பிரிவு ஊழியர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளின் ஒவ்வொரு வரியிலும் பேனா முனையை வைத்து, இது வட்டி, இது கட்டணம், தவணை தப்பினால் இவ்வளவு, முன்னாலேயே முடித்தால் இவ்வளவு என்று பத்து நிமிடம் தமிழில் சொன்னார். நடுவில் மருமகள் இரண்டு கேள்வி கேட்டாள், இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு, "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டு, அவள் புரிந்தது என்று சொன்ன பிறகுதான் கையெழுத்திட வேண்டிய இடத்தைக் காட்டினார். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னதாக வண்டி வீட்டுக்கு வந்தது. தவணை அட்டவணை அவள் பீரோவின் கதவு உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. கட்டிய மாதங்களை நீல மையால் அடித்துக்கொண்டு வருகிறாள்.